புது மீன் தொட்டியில் தண்ணீர் கலங்கினால்: முழுமையான வழிகாட்டி

புதிதாக வைத்த தொட்டியில் தண்ணீர் கலங்கியதும் பெரும்பாலானோர் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். மீனை வாளியில் பிடித்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புகிறார்கள். இரண்டு நாள் பளிச்சென்று இருக்கும். அப்புறம் மறுபடி வெளுக்கும், மறுபடி கொட்டுவார்கள். இப்படிச் செய்யும் வீடுகளில் மீன் சாவது கலங்கலால் அல்ல, ஓயாத கழுவலால். தொட்டிக்குள் மெல்ல வேர்பிடிக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவை ஒவ்வொரு கழுவலும் அடியோடு அழித்துவிடுகிறது.

எனவே முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். எந்தக் கலங்கல் என்று தெரிந்தபிறகுதான் எதையும் தொட வேண்டும். கல் தூசியால் வரும் கலங்கலுக்கான வைத்தியம் பாக்டீரியாவால் வரும் கலங்கலுக்கு உதவாது. பச்சைத் தண்ணீருக்குச் செய்வது இந்த இரண்டுக்குமே உதவாது.

இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் எல்லாம் நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் இரண்டடித் தொட்டிக்கானவை: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 54 லிட்டர். கல்லும் மரக்கட்டையும் பிடிக்கும் இடம், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர் அளவுதான். மருந்தோ உப்போ கணக்கிடும்போது இந்த 45-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கலங்கல்? முதலில் இதைக் கண்டுபிடியுங்கள்

தேவையானவை ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு டார்ச், கொஞ்சம் வினிகர்.

தொட்டி நிரப்பிச் சில நிமிடங்கள்தான் ஆகிறதா? வெள்ளை கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வருகிறதா? அது வெறும் காற்றுக் குமிழி. அழுத்தத்தோடு வரும் குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. அரை மணியில் போய்விடும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

அப்படி இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். ஒளிக்கற்றையில் தனித்தனித் துகள்கள் மினுங்கி மிதந்தால் அது தூசி. துகள் எதுவும் தெரியாமல், அரிசி கழுவிய கழுநீர்போல ஒரே சீராக வெளுத்திருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா.

அடுத்து டம்ளர் சோதனை. தொட்டித் தண்ணீரை டம்ளரில் எடுத்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் படிவு இருந்து மேலே தெளிந்திருந்தால் தூசி. அப்படியே வெளுத்து நின்றால் பாக்டீரியா. இன்னொரு டம்ளரில் அதே தண்ணீரை எடுத்து ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுக் கலக்குங்கள். கண்முன்னே தெளிந்தால் அது சுண்ணாம்புப் படிவு, அதாவது கடினத் தண்ணீரிலிருந்து பிரிந்த கால்சியம் கார்பனேட்.

டம்ளரை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து நிறத்தையும் பாருங்கள். பச்சை தெரிந்தால் மிதக்கும் பாசி. தெளிவாக இருந்து டீ நிறம் மட்டும் தெரிந்தால் மரக்கட்டையின் சாயம். துருப்பிடித்த செம்பழுப்பு என்றால் போர் தண்ணீரின் இரும்பு.

கலங்கல் எப்போது வந்தது என்பதும் நல்ல துப்பு. நிரப்பிய உடனே வந்தால் தூசி, குமிழி. சில மணி நேரம் கழித்து, ஏர் பம்ப் ஓடத் தொடங்கியபிறகு வந்தால் இரும்பு, சுண்ணாம்பு. இரண்டாம் நாளிலிருந்து பத்து நாளுக்குள் என்றால் பாக்டீரியா. இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தால் பெரும்பாலும் பச்சைப் பாசி.

கல் தூசி

20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மண் துகள், அசையாத தண்ணீரில் 30 செ.மீ. இறங்கக் கால் மணி நேரம்கூட எடுக்காது. 2 மைக்ரான் களிமண் துகளோ அதே தூரம் இறங்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். அதுவும் அசையாத தண்ணீரில்! ஃபில்டரும் ஏர் ஸ்டோனும் (ஏர் பம்பின் காற்றைக் குமிழியாக்கும் கல்) ஓடும் தொட்டியில் அது இறங்கவே இறங்காது. "நேற்றே படிந்திருக்க வேண்டுமே" என்று காத்திருப்பவர்களுக்கு இதுதான் விடை. இந்தத் துகளைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டடித் தொட்டியில் 5 செ.மீ. உயரத்துக்குக் கிராவல் போட 13 கிலோ வரை தேவைப்படும். மொத்தமாகக் கழுவினால் அடியில் இருப்பது அழுக்காகவே இருக்கும். இரண்டு மூன்று கிலோவாகப் பிரித்து வாளியில் போட்டு, தண்ணீரை வேகமாக விட்டு, கையை அடிவரை விட்டுக் கிளறிச் சாய்த்து ஊற்றுங்கள். எத்தனை முறை என்பதற்குக் கணக்கில்லை. கழுவிய தண்ணீரை டம்ளரில் பிடித்துப் பார்த்தால் அதன் வழியே கை ரேகை தெரிய வேண்டும், அதுவே அளவு. சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் எதுவும் படக் கூடாது.

கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்டை எடுத்துத் தொட்டியில் போடாதீர்கள். அது கல்லை உடைத்து அரைத்த மணல். மிக நுண்ணிய கல் மாவு கலந்திருக்கும், விளிம்புகள் கூராக இருப்பதால் அடியில் மேயும் கோரிடோரஸ் போன்ற மீன்களின் மீசையும் தேயும். ஆற்று மணல் கிடைத்தால் சலித்துக் கழுவிப் பயன்படுத்தலாம். எந்தக் கல்லானாலும் உலர்ந்த நிலையில் நாலைந்து சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கும். சாயம் பூசிய வண்ணக் கல்லை ஒரு நாள் வெள்ளை வாளியில் ஊறவையுங்கள். தண்ணீரில் நிறம் இறங்கினால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிரப்பும் விதத்திலும் பாதிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. கல்லின்மேல் ஒரு தட்டையோ பாலிதீன் தாளையோ விரித்து, அதன்மேல் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் நிறுத்திப் பாருங்கள். கலங்கியிருந்தால் சைஃபன் குழாயால் (தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கும் குழாய்) அதை முழுக்க இழுத்துவிட்டு மீண்டும் நிரப்புங்கள். மீன் விடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் பத்து நாள் தவிப்பு மிச்சம்.

ஏற்கெனவே நிரப்பிவிட்டீர்களா? ஃபில்டரில் ஸ்பாஞ்சுக்கு அடுத்து, தண்ணீர் வெளியேறும் பக்கமாக, மெல்லிய வெள்ளைப் பஞ்சு ஓர் அடுக்கு வையுங்கள். தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சே போதும், ஆனால் வாசனையோ ரசாயனப் பூச்சோ இல்லாததாக இருக்க வேண்டும். ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பஞ்சை மட்டும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிது வையுங்கள். கல்லைக் கிளறாதீர்கள். ஓரிரு நாளில் தெளியும்.

வெள்ளைக் கலங்கல்: உண்மையான புதுத் தொட்டி நோய்

புதுத் தொட்டிக்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான்.

தொட்டியில் இருவகை பாக்டீரியாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, அழுகும் பொருளைத் தின்பவை. மிச்சத் தீனி, மீன் கழிவு, அழுகிய இலை, மரக்கட்டையிலிருந்து கசியும் சர்க்கரை என எது கரைந்திருந்தாலும் உண்ணும். சாப்பாடு கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இரட்டிப்பாகும். இரண்டாம் வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை. இவை இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாள் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் வகை தண்ணீரில் மிதந்தபடியே பெருகும். இரண்டாம் வகை கல், கண்ணாடி, ஸ்பாஞ்ச் ஆகியவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வாழும்.

புதுத் தொட்டியில் இடம் காலி, போட்டி இல்லை, முதல் வாரத்தில் ஆசையாகப் போடும் தீனியோ ஏராளம். வேகமாகப் பெருகும் முதல் வகை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடிவிடுகிறது. நீங்கள் காணும் வெள்ளை, கோடானுகோடி பாக்டீரியா ஒளியைச் சிதறடிப்பது. ஒரு பாக்டீரியா சுமார் 1 மைக்ரான் அளவுதான், ஸ்பாஞ்சின் துளைகள் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியவை. இன்னும் பெரிய ஃபில்டர் வாங்கினாலும் இந்த வெள்ளையை அது வடிகட்டாது.

பிறகு எப்படித் தெளிகிறது? உணவு தீர்கிறது. அதே நேரத்தில் பாக்டீரியாவைத் தின்னும் ஒருசெல் உயிரிகள் பெருகி மேய்ந்து தீர்க்கின்றன. உணவு வரத்தை நிறுத்தினால் பெரும்பாலான தொட்டிகள் மூன்று முதல் பத்து நாளில் தெளியும். தீனியைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கிலும் நீளும்.

வெள்ளை மீனுக்கு நேரடி நஞ்சு அல்ல. ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று, ஆக்சிஜன். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 8.3 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.6 மி.கி.தான். சித்திரை வைகாசியில் வீட்டுத் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போவது சாதாரணம். ஏற்கெனவே குறைவாக உள்ள ஆக்சிஜனை இந்தப் பாக்டீரியா கூட்டமும் பங்குபோட்டுக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டாவது ஆபத்து அம்மோனியா. வெள்ளைக் கலங்கல் தெரிகிறது என்றால் அழுகும் பொருள் அதிகம் என்று பொருள். அழுகல் இருக்கும் இடத்தில் அம்மோனியாவும் இருக்கும், அதை மாற்ற வேண்டிய இரண்டாம் வகையோ இன்னும் வளரவில்லை.

மீன் உள்ளே இருக்கும்போது செய்ய வேண்டியவை:

1. தீனியை இரண்டு நாள் முழுதாக நிறுத்துங்கள். வளர்ந்த நலமான மீன் எதுவும் இரண்டு நாள் பட்டினியில் சாகாது. மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு ஒரே வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். மிதந்து மிஞ்சுவதை வலையால் எடுத்துவிடுங்கள்.

2. ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். ஆக்சிஜன் கரைவது பெரும்பாலும் தண்ணீரின் மேற்பரப்பு அசைவதால். குமிழியின் அழகைவிட மேல்மட்டம் சலசலக்கிறதா என்பதே முக்கியம். மின்வெட்டு வரும் பகுதியானால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

3. சைஃபன் குழாயைக் கல்லின் மேல் மட்டும் ஓட்டி, கண்ணுக்குத் தெரியும் தீனி மிச்சம், உதிர்ந்த இலை, செத்த நத்தை எல்லாவற்றையும் இழுங்கள். இதுதான் பாக்டீரியாவின் சாப்பாட்டுத் தட்டு.

4. அம்மோனியா சோதியுங்கள். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் திரவ டெஸ்ட் கிட் நம்பகமானது. டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டுமே அது காட்டும்; 300 என்று காட்டும் தண்ணீரில் அம்மோனியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

5. அம்மோனியா லிட்டருக்கு 0.5 மி.கி. தாண்டினால் 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டடித் தொட்டியில் 13, 14 லிட்டர், அதாவது ஒரு வாளி. 1 மி.கி. தாண்டினால் பாதியை மாற்றுங்கள். மறுநாள் மறுபடி சோதியுங்கள். அம்மோனியா இல்லையென்றால் வெள்ளையைப் பார்த்துத் தண்ணீர் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

6. ஃபில்டரை அணைக்காதீர்கள், கழுவாதீர்கள். ஓட்டமே நின்றுபோகும் அளவுக்கு அடைத்திருந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்து திரும்ப வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதில் படக் கூடாது.

7. புது மீன் சேர்க்காதீர்கள். கலங்கல் தீர்ந்தபிறகும் இரண்டு வாரம் பொறுங்கள்.

அம்மோனியா அளவைப் பி.எச். அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சாக இருக்கும் பங்கு, 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் 0.7 சதவீதம். பி.எச். 8 என்றால் 6.5 சதவீதம். பி.எச். 8.5 என்றால் 18 சதவீதம். போர் தண்ணீர் பல ஊர்களில் 8-ஐத் தொடும். அந்தத் தொட்டியில் 1 மி.கி. அம்மோனியா என்பது, பி.எச். 7 உள்ள பக்கத்து வீட்டுத் தொட்டியின் 9 மி.கி.க்குச் சமம். ஒருவருக்குப் பிழைத்த மீன் இன்னொருவருக்குச் சாவதன் காரணங்களில் இது முக்கியமானது.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் மீன் மூச்சு வாங்கும். நைட்ரைட் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. இதற்குக் கல் உப்பு உண்மையாகவே உதவும், ஏனென்றால் செவுள் வழியே நைட்ரைட் நுழைவதை உப்பின் குளோரைடு தடுக்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் போதும். நம் தொட்டிக்கு 4 முதல் 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குள். தனியே கரைத்து ஊற்றுங்கள். கைப்பிடி கைப்பிடியாக உப்புப் போடும் பழக்கம் வேண்டாம், உப்புக்கும் கலங்கல் தெளிவதற்கும் சம்பந்தம் கிடையாது.

கடையில் மீனோடு சேர்த்துத் தரும் நீல மருந்து, மெத்திலின் புளூ, இப்போது தொட்டிக்குள் போகவே கூடாது. நாம் வளரக் காத்திருக்கும் இரண்டாம் வகை பாக்டீரியாவை அதுவே கெடுக்கும். மருந்து தேவைப்படும் மீனைத் தனி வாளியில் வைத்துப் பாருங்கள்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேபிளில் கசடு தின்னும் பாக்டீரியா என்று இருந்தால் அது முதல் வகை. வெள்ளையாக இருக்கும் தொட்டியில் அதை ஊற்றினால் வெள்ளை கூடும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் வகை என்று தெளிவாக எழுதியிருப்பதையே பாருங்கள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று பழைய கையேடுகள் சொல்லும். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் கொஞ்சம் நம்பலாம். காலாவதித் தேதியும், வெயிலில் கிடந்த பாட்டிலா என்பதும் அதே அளவு முக்கியம்.

இவற்றையெல்லாம்விட நல்லது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து எடுத்த பழைய ஸ்பாஞ்ச். ஆறு மாதமாக நோயில்லாமல் மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். நாலைந்து வாரம் எடுக்கும் வேலை ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். சென்னை கொளத்தூர் போல வண்ண மீன் வியாபாரம் பெருகிய இடங்களில் கேட்டால் கடைக்காரர்களே தருவதுண்டு. ஆனால் நாள்தோறும் புது மீன் வந்து போகும் கடைத் தொட்டியிலிருந்து நோயும் சேர்ந்து வரலாம். தெரிந்த வீட்டுத் தொட்டியே மேல்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

போர் தண்ணீர் பூமிக்கடியில் காற்றுப் படாமல் இருந்தது. அங்கே இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், பார்க்கத் தெளிவாகத் தெரியும். தொட்டியில் ஏர் பம்ப் ஓடியதும் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகப் பிரிந்து செம்பழுப்பாகக் கலங்கும். சுண்ணாம்பும் அப்படித்தான். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறியதும் பி.எச். ஏறி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் பிரியும். இரண்டுக்கும் ஒரே தீர்வு. டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓட்டி, பிறகு பம்பை நிறுத்தி ஓர் இரவு படியவிட்டு, அடியில் ஒரு கை அளவு விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அந்த மாற்றம் தொட்டிக்குள் நடக்காமல் டிரம்மிலேயே நடந்து முடிந்துவிடும்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் இது பல மடங்கு ஏறும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சம்ப் கழுவும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. திறந்த டிரம்மில் ஏர் ஸ்டோனோடு ஒரு நாள் வைத்தால் குளோரின் போகும். அவசரத்துக்கு ஆன்டி குளோரின், அதாவது சோடியம் தயோசல்பேட். படிகமாக வாங்கினால் 10 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்கி வையுங்கள். அதில் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி. விட்டால் லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் வரை தாராளமாகச் சமாளிக்கும். தொட்டியில் அல்ல, வாளியிலேயே கலந்துவிட்டு ஊற்ற வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றித் தொட்டி வைப்பவர்களுக்கு வேறு சிக்கல் வரும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் திறனை, தின்னும். ஆர்.ஓ. தண்ணீரில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. பி.எச். 6.5-க்குக் கீழே சரிந்தால் அந்தப் பாக்டீரியா மந்தமாகும், தொட்டி பதப்படாது, அதாவது அந்தப் பாக்டீரியா போதிய அளவு வளராது. குழாய்த் தண்ணீரில் பாதி கலந்துகொள்ளுங்கள். கலக்க வழியில்லையென்றால் நம் 45 லிட்டருக்குச் சமையல் சோடா 2.7 கிராம், கே.எச். அளவை (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 2 டிகிரி உயர்த்தும். மீன் இருக்கும் தொட்டியில் இதை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள். பி.எச். ஏறும்போது அம்மோனியாவின் நஞ்சும் ஏறும் என்பதை மேலே பார்த்தோம், எனவே அதை முதலில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பச்சையும் டீ நிறமும்

பச்சைத் தண்ணீர் மிதக்கும் நுண்பாசியால் வருவது. ஜன்னல் வெயில் படும் தொட்டி, பன்னிரண்டு மணி நேரம் எரியும் விளக்கு, தண்ணீரில் தேங்கிய உரச்சத்து ஆகியவை காரணம். விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரமாகக் குறையுங்கள். தெளிய வைக்க, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூன்று நாலு நாள் முழுதாக மூடி, ஏர் பம்பை நிறுத்தாமல் ஓட்டி, திறந்ததும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். செத்த பாசி அழுகி அம்மோனியா தரும், எனவே அந்த மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் யு.வி. ஃபில்டர் நிச்சயமாக வேலை செய்யும்.

டீ நிறம் மரக்கட்டையின் டானின். மீனுக்குக் கெடுதல் இல்லை. பிடிக்கவில்லையென்றால் கட்டையை ஒன்றிரண்டு மணி நேரம் வேகவைத்து, ஒரு வாரம் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஃபில்டரில் கார்பன் (கரி) வைத்தால் நிறம் சீக்கிரம் இறங்கும்.

படிகாரமும் தேத்தாங்கொட்டையும்

குடிநீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் இரண்டும் உண்டு. தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்தால் மண் கலங்கல் திரண்டு அடியில் இறங்கும். ஆற்றுத் தண்ணீருக்கு அது அருமையான வழி. மீன் தொட்டிக்கு ஆகாது. விதையின் சாறே தண்ணீரில் சேரும் கரிமப் பொருள், வெள்ளையாக்கும் பாக்டீரியாவுக்கு அது விருந்து.

படிகாரம் காரத்தன்மையைத் தின்று பி.எச். அளவை இறக்கும். மென்மையான தண்ணீரில் கொஞ்சம் அதிகமானாலும் பி.எச். சட்டென்று சரிந்து மீன் துவளும், கரைந்த அலுமினியம் செவுளைத் தாக்கும். மீன் விடுவதற்கு முன் வெறும் தூசிக்காகக்கூட இதைப் பரிந்துரைக்க மாட்டோம். பஞ்சு இருக்கும்போது தேவையே இல்லை.

கடையில் விற்கும் தெளிவாக்கும் திரவங்கள் துகள்களை ஒட்டித் திரட்டி ஃபில்டரில் சிக்கவைப்பவை. தூசிக்கு ஒருமுறை, பாட்டிலில் உள்ள அளவுக்கு மேல் போகாமல் பயன்படுத்தலாம். வெள்ளைக் கலங்கலில் ஊற்றினால் ஒரு நாள் தெளிந்து மறுநாள் திரும்பும், உணவு வரத்து அப்படியே இருப்பதால்.

இன்னும் மீன் வாங்கவில்லையா?

அப்படியானால் மீனைத் துன்புறுத்தாமலே தொட்டியைப் பதப்படுத்தலாம். வாய்ப்பிருக்கும் எல்லோரும் இந்த வழியையே பின்பற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி ஃபில்டரை ஓடவிடுங்கள். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு ஓட்டம் இருக்க வேண்டும். நம் தொட்டிக்கு 200 முதல் 300 லிட்டர். நல்ல ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். பிறகு அம்மோனியம் குளோரைடு. நவச்சாரம் என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதும் இதே பொருள்தான், ஆனால் அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் சிறு பொட்டலம் வாங்குங்கள். 10 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். 45 லிட்டருக்கு 3 மி.லி. விட்டால் அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு வரும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். அம்மோனியா சுழியத்துக்கு இறங்கும்போதெல்லாம் மறுபடி 3 மி.லி. விடுங்கள். நைட்ரைட் கிட்டின் அட்டையில் கடைசி நிறத்தைத் தாண்டி ஏறினால் அம்மோனியா விடுவதை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஒருநாள் 2 மி.கி. போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியம் காட்டினால் தொட்டி தயார். 28 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரம். கடைசியில் நைட்ரேட் தேங்கியிருக்கும், 70 சதவீதத் தண்ணீரை மாற்றிவிட்டு அன்றோ மறுநாளோ மீன் விடுங்கள். நாள் தள்ளினால் உணவில்லாமல் பாக்டீரியா குறையத் தொடங்கும்.

இந்த முறையில் அழுகும் தீனி எதுவும் உள்ளே போவதில்லை, அதனால் வெள்ளைக் கலங்கல் வராமலே போகலாம். வந்தாலும் பார்த்துக் கவலைப்பட உள்ளே உயிர் இல்லை. பச்சை இறால் துண்டைப் போட்டு அழுகவிடும் பழைய முறையில் வெள்ளையும் நாற்றமும் உறுதி, அளவும் கையில் நிற்காது.

முதல் தொகுதியில் கப்பி, பிளாட்டி போன்ற சிறிய மீன் ஐந்து அல்லது ஆறு போதும். தங்க மீன் இரண்டடித் தொட்டிக்கு ஏற்றதல்ல. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், புதுத் தொட்டியின் பாக்டீரியா அதற்கு ஈடுகொடுக்காது.

இரண்டு வாரம் தாண்டியும் வெள்ளையாகவே இருந்தால்

எங்கிருந்தோ உணவு போய்க்கொண்டே இருக்கிறது. வழக்கமாகச் சிக்கும் இடங்கள் சில உண்டு. அலங்காரப் பொம்மை, பானை ஆகியவற்றின் உட்புறம்: உள்ளே செத்த மீனோ நத்தையோ கிடக்கும். மீன்களை எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தால் அதைத் தேடுங்கள். கல்லுக்கடியில் வைக்கும் பழைய தட்டு ஃபில்டர்: மேலே நுண்மணல் போட்டிருந்தால் அடைத்து, கீழே கழிவு தேங்கி அழுகும். பெரிய கூழாங்கற்களின் இடுக்கு: தீனி உள்ளே விழுந்துவிடும், மீன் வாய் எட்டாது. மரக்கட்டை: விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் அது பதமான கட்டை அல்ல, அழுகும் கட்டை, வெளியே எடுங்கள். வீட்டில் தீனி போடுவது ஒருவர் மட்டும்தானா என்றும் விசாரியுங்கள். காலையில் ஒருவர், பள்ளி விட்டு வந்ததும் குழந்தை, இரவு தாத்தா என்று மூன்று கை போட்டால் கணக்கு மூன்று மடங்காகும். ஒரு நாளுக்கான தீனியைச் சிறு டப்பாவில் அளந்து தொட்டியருகே வைத்து, பெரிய டப்பாவை அலமாரியில் பூட்டிவிடுங்கள். அந்தச் சிறு டப்பா காலியாக இருந்தால் அன்றைக்கு மீன் சாப்பிட்டாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.